குட்டி விமானங்கள் ஏன் இன்னும் பழசாகவே இருக்கின்றன?

கார்கள் இவ்வளவு மாறியும் 1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 என்ற நாலு சீட்டு விமானம் ஏன் ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கிறது, இனியாவது மாறுமா என்பதுதானே கேள்வி?

காரணம் சோம்பேறித்தனம் இல்லை, பணம். அமெரிக்காவில் 1978-இல் 17,000-க்கும் மேல் தயாரான சிறு விமானங்கள் 1994-இல் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டன. எவ்வளவு பழைய விமானம் விழுந்தாலும் தயாரித்தவர் மேல் வழக்குப் போடலாம் என்ற நிலையில், செஸ்னா நிறுவனம் 1986-இலேயே பிஸ்டன் விமானங்கள் (கார் மாதிரி இன்ஜின் உள்ள சிறு விமானங்கள்) தயாரிப்பதை நிறுத்திவிட்டது. 18 வருடம் தாண்டிய விமானங்களுக்கு அந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் நீக்கிய 1994 சட்டத்துக்கு அப்புறம்தான் மறுபடி ஆரம்பித்தார்கள்.

புது விமானம் பாதுகாப்பானது என்று அரசு ஒப்புதல் தரும் சான்றிதழ் விதிகளும் ஒரு தடை. 2017-இல் அமெரிக்கா அவற்றைத் திருத்தி எழுதியது: எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வதை விட்டு, எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கிறது. நல்ல மாற்றம்தான் (தாமதமாக வந்தது வேறு விஷயம்).

உண்மையான புதுமை இறக்கையில் இல்லை, காக்பிட்டில். சிரஸ் என்ற நிறுவனத்தின் சிறு விமானத்தில் கூரையிலுள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் முழு விமானமும் பாராசூட்டில் இறங்கும். கார்மின் நிறுவனத்தின் ஆட்டோலேண்ட் என்ற தானியங்கித் தரையிறக்க வசதி இன்னும் ஒரு படி மேலே. பைலட் மயங்கினால் பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அதுவே விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, ரேடியோவில் தகவல் சொல்லி, இறக்கி, பிரேக் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிடும்.

மின்சார விமானமா? பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோ என்ற மின்சாரக் குட்டி விமானத்துக்கு 2020-இல் ஐரோப்பியச் சான்று கிடைத்தது, ஆனால் ஒரு மணி நேரம்கூடப் பறக்காது. பயிற்சிப் பள்ளிக்குச் சரி, ஊர் விட்டு ஊர் போக இப்போதைக்குப் பெட்ரோல்தான்.