வீட்டை விட்டுப் போய்விடலாமா? பிள்ளைகளும் பெரியவர்களும் கேட்டவை

ராமநாதபுரம் மாவட்டக் கரையில், பாம்பனிலிருந்து சாயல்குடி வரை, தொண்டிப் பக்கமும் சேர்த்து, பதின்ம வயதுப் பிள்ளைகளும் சில பெரியவர்களும் எழுதிக் கேட்ட கேள்விகள் இவை. இந்தக் கரையில் பிள்ளைகளுக்குக் கவுன்சலராகப் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் வந்தன. பெயர்களை எடுத்துவிட்டேன்.

அப்பா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்தால் தினமும் குடி, அடி. அம்மாவுக்கும் விழுகிறது. ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன் அக்கா. தப்பா? (பாம்பன், 16 வயதுப் பையன்)

அடி விழுகிற இடத்தை விட்டு விலக நினைப்பதில் தப்பே இல்லை தம்பி. எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய் என்பதில்தான் எனக்குப் பயம். விடிகாலையில் சென்னையில் இறங்கும்போது உனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. ஆனால் உன்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிற ஆட்கள் இருப்பார்கள். பிதுங்கிய பள்ளிப் பை, உள்ளே இரண்டு சட்டை, பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட், சார்ஜ் இல்லாத போன். இப்படி வருகிற பையனிடம் “சாப்பிட்டியாப்பா, வேலை வேணுமா” என்று முதலில் வந்து கேட்கிறவனை நான் நம்ப மாட்டேன்.

அதனால் நடந்தே போய்ச் சேரக்கூடிய வீடு ஒன்றை இப்போதே முடிவு செய்து வை. அப்பத்தா வீடு, சித்தப்பா வீடு, வகுப்பு டீச்சர், பங்குச் சாமியார், யாராக இருந்தாலும் சரி. “சண்டை வந்தா ராத்திரி வருவேன், கதவைத் திறங்க” என்று முன்கூட்டியே சொல்லி வை. அம்மாவுக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும். அடி விழுந்துகொண்டிருக்கும்போது அவசர உதவி எண் 112. உனக்காகப் பேசக் குழந்தைகள் உதவி எண் 1098. அம்மாவுக்குப் பெண்கள் உதவி எண் 181.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கையில் காசு வராது, கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பார், போதாக்குறைக்குப் பத்தாவது ரிசல்ட்டும் மே மாதம்தான் வரும். இந்தக் கரையில் வீடுகள் அந்த நேரத்தில் கொதிப்பதை வருடா வருடம் பார்க்கிறேன். உன் அப்பாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கரையில் நிற்கிற எல்லா அப்பாவும் அடிப்பதில்லை. தேதி முன்னாலேயே தெரிகிறதே, அந்த இரண்டு மாதமும் அப்பத்தா வீட்டில் தங்கிக்கொள்ள இன்றைக்கே பேசி வைக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

1098-க்குப் பேசினால் போலீஸ் வீட்டுக்கு வந்துவிடுமா? அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். ஹோமில் போட்டுவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். (தங்கச்சிமடம், 15 வயதுப் பெண்)

எந்தப் போனிலிருந்தும் காசில்லாமல், ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம். பெயர் சொல்லாமல் வெறும் சந்தேகம் மட்டும் கேட்டாலும் கேட்கலாம். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: உயிருக்கு ஆபத்து, பாலியல் தொல்லை என்று தெரிந்தால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. “இந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதீங்க, பள்ளிக்கூடத்துல வந்து பாருங்க” என்று பேசும்போதே சொல்லிவிடு. பேசி முடித்ததும் போனில் 1098-ஐ அழித்துவிடு.

ஹோம் என்பது கடைசி வழி. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். உன்னிடமும் கேட்பார்கள். வாயைத் திறந்து பேசு.

தாய்மாமனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள், ஆவணியில் கல்யாணம். எனக்குப் பிடித்த ஒருவர் இருக்கிறார், அவருக்கு 22 வயது. “வா, போய்விடலாம்” என்கிறார். (சாயல்குடிப் பக்கம், 16 வயது)

முதலில் கல்யாணம். பெண்ணுக்கு 18 நிரம்பாமல் செய்து வைத்தால் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 2 வருடம் வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம். மாவட்ட சமூக நல அலுவலர்தான் இதைத் தடுக்கிற அதிகாரி. 1098-இல் சொன்னாலே அவருக்குப் போய்ச் சேரும். பத்திரிகை அடித்த பிறகும் நிறுத்தலாம், ஆனால் பந்தல் போடுகிற வரை காத்திருக்காதே.

அடுத்து அந்தப் பையன். நீயாக ஆசைப்பட்டுப் போனாலும் 18 நிரம்பாத உன்னைக் கூட்டிக்கொண்டு போவது சட்டத்தில் கடத்தல். சேர்ந்து இருந்தால் போக்சோவும் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம்) வரும். உன் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. அவருக்கு அக்கறை இருந்தால் இரண்டு வருடம் பொறுக்கட்டும். இன்றைக்கே வா என்று அவசரப்படுத்தினால் எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பேச ஒரு பிடி தருகிறேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். “படிக்க வைக்கக் காசு எங்கே” என்கிற அப்பாக்களிடம் இது ஓரளவு எடுபடும்.

வீட்டிலேயே ஒருவர் தப்பாகத் தொடுகிறார். அம்மா நம்பவில்லை. (ஊர் எழுதவில்லை)

நான் நம்புகிறேன் மா. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. இன்றைக்கே 1098-க்குப் பேசு, அல்லது உனக்குப் பிடித்த டீச்சரிடம் சொல். தெரிந்த பிறகு டீச்சர் புகார் செய்யாமல் மறைத்தால் போக்சோவில் அவர்மேலேயே குற்றம். போலீஸ் யூனிஃபார்மில் வந்து உன்னை விசாரிக்கக் கூடாது. முடிந்தவரை பெண் அதிகாரி, உன் வீட்டிலோ நீ சொல்கிற இடத்திலோ வந்து எழுதிக்கொள்ள வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. உன் பெயர் வெளியே வரக் கூடாது. அந்த வீட்டில் இருக்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழு வேறு இடம் பார்க்கும்.

பத்தாவதில் பெயில். வீட்டில் தலை காட்ட முடியவில்லை. திருப்பூரில் வேலை, அட்வான்ஸே தருகிறேன் என்கிறார் ஒரு அண்ணன். (மண்டபம்)

அட்வான்ஸை வாங்காதே. வாங்கினால் அதைக் கழிக்கிற வரை உன்னை விட மாட்டார்கள். துணைத் தேர்வு உடனே வருகிறது, எழுதிப் பாஸானால் வருடம் வீணாகாமல் பதினொன்றாவது போகலாம். படிப்பே ஏறவில்லையா? ஐ.டி.ஐ.யில் சில பிரிவுகளுக்கு எட்டாவது பாஸ் போதும். செத்துவிடலாம் போல் இருந்தால் அந்த நிமிடமே 14416 என்கிற மனநல உதவி எண்ணுக்குப் பேசு. அதுவும் இலவசம்தான்.

நான் ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டேன். மனசு கேட்கவில்லை மேடம்.

சாப்பாடு வாங்கிக் கொடுத்ததே பெரிய விஷயம் அண்ணே. அடுத்த தடவை 1098-க்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷனிலேயே ரயில்வே பாதுகாப்புப் படை இருக்கிறது. அவர்கள் வருகிற வரை பக்கத்தில் இருந்தால் போதும். வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், நாளைக்கு உங்கள்மேலேயே பழி வரும். அவன் அப்பா நம்பரை வாங்கி நீங்களே போன் போடவும் வேண்டாம். அந்த அப்பாவுக்குப் பயந்துதான் வந்தானோ என்னவோ. பிள்ளை கிடைத்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

மகன் நேற்றுச் சாயங்காலம் போனவன், வரவில்லை. ஸ்டேஷனில் “ஒரு நாள் பார்த்துட்டு வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். (தொண்டி, ஒரு அம்மா)

இவரிடம் அப்போதே போனில் பேசிவிட்டேன். மற்ற அம்மாக்களுக்காக இங்கே. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. காணாமல் போன குழந்தை என்றால் எல்லாப் புகாருக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமீபத்தில் எடுத்த போட்டோ, போட்டிருந்த சட்டை நிறம், போன் நம்பர், கூட்டாளிகள் பெயர், இவ்வளவையும் கையில் கொண்டு போங்கள். மறுத்தால் அங்கேயே நின்று 1098-க்கும் 112-க்கும் பேசுங்கள்.

வாட்ஸ்அப்பில் “திட்டியதால் ஓடிவிட்டான்” என்று போடாதீர்கள். அதை அவனும் பார்ப்பான். “அம்மாவுக்குக் கோபமில்லை, ஒரு போன் பண்ணு” என்று உங்கள் குரலிலேயே அவனுக்கு அனுப்புங்கள்.

வந்து சேர்ந்த அன்றைக்குச் சோறு போட்டுத் தூங்க விடுங்கள். ஏன் போனாய் என்பதை இரண்டு நாள் கழித்துக் கேட்கலாம். புத்தி சொல்ல வருகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், முக்கியமாக “நாலு சாத்து சாத்தினாத்தான் சரிப்படுவான்” என்கிற மாமாக்களை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கவுன்சலர் உண்டு, காசு கிடையாது. அவனை மட்டும் அனுப்பாமல் நீங்களும் அப்பாவும் கூடவே போங்கள்.