ஆறாம் பாகம் எங்கே?

கேள்வி

ஆலோசகருக்கு வணக்கம். ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். வயது 29, கந்தோர் வேலை. கல்கியின் சோழர்காலக் கதையான ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் 19 நாளில், இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து வாசித்து முடித்தேன். ஒரு மாதமாகிறது. வேறெந்தப் புத்தகத்திலும் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. இன்னொருவர் எழுதிய தொடர்ச்சியை எடுத்தேன். கதாநாயகனைப் பார்த்து ‘இவன் எங்கள் வந்தியத்தேவன் இல்லை’ என்று கோபம் வந்து மூடிவிட்டேன். கல்கியே ஆறாம் பாகம் எழுதியிருக்கக் கூடாதா என்று சமைக்கும்போதும் அதே நினைப்பு. “உனக்கு விசர்” என்கிறார் கணவர். இது நோயா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

விசரும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் தூக்கம், பசி, வேலை மூன்றையும் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் அவை குழம்பியிருந்து, முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல் போனால் காரணம் புத்தகமாக இருக்காது. அப்போது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அப்படி இல்லையென்றால், பிழை வாசித்த வேகத்தில்தான். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த தொடர்கதை. அடுத்த இதழை வாங்க வைக்கவே பல அத்தியாயங்கள் கொக்கியில் முடியும். அன்றைய வாசகருக்கு அந்தக் கொக்கியோடு வாழ ஒரு கிழமை கிடைத்தது. மூன்றரை வருடம் பழகிய பிறகுதான் பிரிந்தார்கள். நீங்கள் 19 நாளில் பழகி, ஒரே இரவில் பிரிந்தீர்கள். கல்கியும் கதை முடிந்த அதே வருடம் டிசம்பரில் காலமாகிவிட்டார்.

ஒரு கொப்பியில், மனதில் நிற்கும் கேள்விகளை எல்லாம் எழுதுங்கள். பதினைந்து கேள்வியாவது தேறும். பிறகு ஐந்தாம் பாகத்தின் முடிவுரையை வாசியுங்கள். பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். வாசகர் கேட்ட கேள்விகளை எடுத்துக் கல்கியே அங்கே பதில் சொல்லியிருக்கிறார். பதில் கிடைத்ததை வெட்டுங்கள். அடுத்து வரலாறு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இளவரசி குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார், அதாவது மனைவி, என்கிறது. அவர் தம்பி அருள்மொழி 985இல் ராஜராஜ சோழனாக அரசேறினார். அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானோரின் பெயரைச் சொல்கிறது, ஆனால் பின்னால் இருந்தவர் யாரென்பது இன்றும் வாதம்தான். இப்படி எவராலும் தீர்க்க முடியாத நாலைந்து கேள்வி மிஞ்சும். அவற்றில் ஒன்றுக்கு நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள். பகலில், இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். படுக்கையில் எழுதினால் தூக்கம்தான் கெடும்.

முதல் பாகத்தை உடனே திருப்பி எடுக்காதீர்கள். அவசரத்தில் வருணனைகளைத் தாண்டி ஓடுவீர்கள், வெறுமைதான் கூடும். இப்போதைக்குப் பத்துப் பக்கச் சிறுகதை போதும், சரித்திரம் வேண்டாம். மூடிவைத்த தொடர்ச்சியை மூன்று மாதம் கழித்துத் திறக்கலாம், இன்னொரு வாசகரின் ஊகம் என்ற கணக்கில். கல்கியின் குரலை அதில் தேடினால் மறுபடி கோபம்தான் வரும்.

ஒரு விடுமுறையில் மட்டக்களப்பில் கொழும்பு ரயிலேறி பொலன்னறுவையில் இறங்குங்கள். சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் கல்லாக நிற்கிறது. கதைக்குப் பிந்திய காலத்தை அங்கே கையால் தொடலாம்.

கணவர் வாசிக்காதவரென்றால் கதையைச் சொல்லத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். அவர் கெஞ்சினாலும் அதற்கு மேல் சொல்லாதீர்கள்.