மேல்வீட்டுத் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

மும்பை செம்பூரில் நாலு மாடி பில்டிங் ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எட்டு மாதமாக எங்கள் பாத்ரூம் கூரை ஒழுகுகிறது. சொசைட்டி (பில்டிங் குடியிருப்போர் சங்கம்) வாட்ஸாப் குழுவில் இரண்டு முறை படம் போட்டேன். மேல்வீட்டுக்காரர், "எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் போட்டார். இப்போது படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போலீஸுக்குப் போ என்கிறார் மைத்துனர். போகலாமா?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

போக வேண்டாம். இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். மிஞ்சிப்போனால் ஒரு என்.சி. (வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றத்துக்கான புகார்ப் பதிவு) எழுதி நகலைக் கையில் கொடுப்பார்கள். மாஜிஸ்டிரேட் உத்தரவு இல்லாமல் அதற்கு மேல் அவர்களால் விசாரிக்க முடியாது. கூரை அப்படியேதான் ஒழுகும். அடி, மிரட்டல் என்று போனால் விஷயம் வேறு. அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்துகிறது. இந்த எட்டு மாதத்தில் அவரை உங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டதாக நீங்கள் எழுதவே இல்லை.

டோம்பிவ்லியில் நாங்கள் இருந்தபோது நான்தான் மேல்வீட்டுக்காரி. கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா இரண்டு முறை சொல்லி அனுப்பியும் நான் கண்டுகொள்ளவில்லை. என் தரை காய்ந்துதான் இருந்தது, அதனால் பொய் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒரு நாள் மதியம் அவரே ஏறி வந்தார். "ஜரா காலீ யா, தாயீ" (கொஞ்சம் கீழே வாங்க, அக்கா) என்று கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனார். அடுப்படியில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருந்தார். பத்து எண்ணுவதற்குள் அதில் ஒரு சொட்டு விழுந்தது. கூரைப் பூச்சு உப்பி, ஒரு தட்டு அளவுக்குக் கம்பி தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாளே பிளம்பரை வரவழைத்தேன். மேலே இருப்பவருக்குத் தன் தரைதான் தெரியும், உங்கள் கூரை தெரியாது. குழுவில் படம் போட்டால் அதுவும் தெரியாது, நாற்பது குடும்பத்துக்கு முன்னால் பட்ட அவமானம் மட்டும்தான் நிற்கும்.

அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், சொட்டு எப்போது விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ராத்திரி பகல் நிற்காமல் விழுந்தால் பெரும்பாலும் சுவருக்குள் போகும் சப்ளை குழாய். அவர்கள் குளித்த கொஞ்ச நேரத்தில் விழுந்தால் நஹானி ட்ராப் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் வாய்), இல்லாவிட்டால் டைல்ஸ் இடுக்கு. மழைக்காலத்தில் மட்டும் என்றால் வெளிச்சுவராக இருக்கலாம், அவர்மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம். குறிப்பு கையில் இருந்தால் பேச்சு குழாயைப் பற்றியே இருக்கும், ஆளைப் பற்றித் திரும்பாது.

சந்தேகம் தீரவில்லையா, பிளம்பரை வைத்து ஒரு சோதனை செய்யலாம். மேலே நஹானி ட்ராப்பைத் துணியால் அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் தேக்கி வைப்பார். கீழே சாயம் இறங்கினால் டைல்ஸ் இடுக்கு. இறங்காமல், அடைப்பை எடுத்த பிறகு இறங்கினால் ட்ராப். இதைச் செய்யும்போது நீங்கள் இருவரும் சேர்ந்து கீழே நின்று பாருங்கள். வாக்குவாதம் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

செலவுக்கு, மகாராஷ்டிரத்தின் மாதிரி பைலாவில், அதாவது சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகளில், வழி இருக்கிறது. மழைநீர்க் கசிவும் வெளிப்புறப் பொதுக் குழாயின் கசிவும் சொசைட்டி செலவு. பாத்ரூம், சிங்க் கசிவு அந்த வீட்டுக்காரர் செலவு. இதை நீங்களே அவரிடம் எடுத்துச் சொன்னால் சண்டைக்கு வந்தமாதிரி இருக்கும். கமிட்டியில் அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள். மேல்வீட்டுக்காரருக்குப் பணமுடை என்றால், உங்கள் கூரைப் பூச்சை நீங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் பத்து வருஷம் தலைக்கு மேல் இருக்கப்போகிற மனிதர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், ட்ரெயினுக்கு ஓடுகிற நேரத்தில் வேண்டாம். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழுவில் படம் போட்டது தப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் கீழே கூப்பிடுங்கள்.