மேடைக்கு முந்தைய உழைப்பு

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

டர்பனில் ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். அண்மையில் ஒரு கோயில் மண்டபத்தில் தலைமைப் பண்பு பற்றிப் பேசினேன், நல்ல வரவேற்பு. வேலையை விட்டுவிட்டு மேலாண்மை நூலாசிரியராகவும் பேச்சாளராகவும் ஆகிவிடலாமா என்று யோசிக்கிறேன். முதலில் புத்தகம் எழுத வேண்டுமா, மேடை ஏற வேண்டுமா? அமெரிக்க நிறுவனங்களை விட்டால் எடுத்துச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

புத்தகம், மேடை இரண்டுக்கும் முன்னால் வேறொன்று இருக்கிறது. ஏதாவது ஒரு தொழிலை அல்லது நிறுவனத்தை நீங்களே நெருங்கிப் பார்த்து ஆராய்ந்திருக்க வேண்டும். இத்துறையில் நிலைத்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். வியன்னாவில் 1909இல் பிறந்த பீட்டர் டிரக்கர் பத்திரிகையாளராக இருந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு லண்டன் சென்று, பின் 1937இல் அமெரிக்காவில் குடியேறினார். 1943இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அவரை அழைத்து உள்ளே விட்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் நிர்வாகக் கூட்டங்களில் அமர்ந்தும் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தும் முடிவுகள் எங்கே, யாரால் எடுக்கப்படுகின்றன என்று கவனித்து எழுதிய நூல் 1946இல் வெளிவந்தது. நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் அந்நூலைக் கண்டுகொள்ளவே இல்லை என்று டிரக்கரே பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் 2005இல் மறையும் வரை அவர் எழுதியவற்றுக்கும் கற்பித்தவற்றுக்கும் அந்த ஒன்றரை ஆண்டு அடித்தளமாக நின்றது என்பது என் கருத்து.

ஜிம் காலின்ஸை இன்னொரு காரணத்துக்காகப் படியுங்கள். ஸ்டான்ஃபோர்டில் கற்பித்துவந்த அவர், 1995இல் கொலராடோவின் போல்டர் நகரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் தொடங்கி, 1,435 நிறுவனங்களிலிருந்து, சாதாரண நிலையிலிருந்து சிறந்த நிலைக்கு உயர்ந்தவை என்று 11ஐத் தேர்ந்தெடுத்து ஐந்தாண்டு ஆய்வுக்குப் பின் 2001இல் நூல் வெளியிட்டார். அந்த 11இல் ஒன்றான, வீட்டுக்கடன் துறை நிறுவனம் ஃபேனி மே 2008இல் அரசின் பொறுப்புக்குப் போனது. இன்னொன்றான, மின்னணுப் பொருள் விற்கும் கடைத்தொடர் சர்க்யூட் சிட்டி அதே ஆண்டு திவால் மனு கொடுத்தது. 2009இல் அவர் பெரிய நிறுவனங்கள் எப்படி வீழ்கின்றன என்பதையே தனி நூலாக எழுதினார். ஆராய்ந்த பொருள் கையில் இருப்பவருக்குத்தான் திரும்பிச் சென்று பார்க்க ஏதாவது இருக்கும். பிறர் புத்தகத்திலிருந்து உதாரணம் எடுத்தவர், அந்த உதாரணம் சரிந்த அன்றே வாய்மூட வேண்டியதுதான்.

வருமானத்தைப் பொறுத்தவரை, நூல் விற்று வரும் தொகை பெரும்பாலும் சிறியது. உரைக் கட்டணமும் நிறுவனப் பயிற்சியுமே குடும்பத்தை நடத்தும். தென்னாப்பிரிக்காவில், ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 1 விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுவதும், பயிற்சித் திட்டமும் அறிக்கையும் கொடுத்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதும் உங்கள் பிரிவில் அன்றாட வேலையாக இருக்கும். ஆகவே பேச அழைப்புக் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. எனக்குள்ள கவலை வேறு: அழைப்புகள் சீக்கிரமே குவிந்துவிட்டால், ஒரே உரையை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. 1913இல் இங்கே நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியதில் காந்தியின் தோழர் தம்பி நாயுடுவுக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் இருந்த பங்கைப் படித்தீர்களா? கூலியையும் குடியிருப்பையும் இழக்கத் துணியும்படி ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதைவிடக் கடினமான தலைமைப் பாடம் எனக்குத் தெரியவில்லை. அதுவும் வேண்டாம், உங்கள் தெருவிலேயே தொடங்கலாம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, சாட்ஸ்வொர்த்தில் மறுபடி கடை வைத்த குடும்பங்கள் இருக்கின்றன. பழைய வாடிக்கையாளர் சிதறிய பின் முதல் சரக்கைக் கடனாகக் கொடுத்தது யார், கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது, மூத்த மகன் கடைக்கு வர மறுத்தபோது முடிவெடுத்தது தந்தையா தாயா என்று கேளுங்கள். மூடிய கடைகளின் சொந்தக்காரர்களையும் கட்டாயம் பாருங்கள். பிழைத்த கடைகளை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் முதலில் எழுதுங்கள். பெயரை வெளியிட அவர்களின் சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பிவைத்தால் வரிக்கு வரி படித்துக் கருத்து எழுதுகிறேன்.

அன்புடன்.