இரட்டைக்குழல் துப்பாக்கி திறக்க முரண்டு பிடிக்கிறதா?
ஏற்காட்டுத் தோட்டத்தில் இருக்கும் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கியை முழங்காலில் வைத்து மடக்கித்தான் திறக்க முடிகிறது, உள்ளே அரம் போட்டு இழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அரத்தை எடுத்து வையுங்கள் அண்ணா.

முதலில் திறந்து, இரண்டு குழலும் காலிதானா என்று கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். அப்புறம் மூடி, விசையை அழுத்தாமல் மறுபடி திறங்கள். இரண்டாம் தடவை லேசாக வந்தால் கோளாறே இல்லை. தோட்டாவைத் தட்டும் சுத்தியல் உள்ளே இருக்கும் ரகத்தில் குழல் சாயும்போதுதான் சுத்தியல் பின்னே ஏறுகிறது. அந்த ஸ்பிரிங்கின் கனம்தான் கையில் தெரிகிறது.

இரண்டு தடவையும் இறுக்கமா? பழைய எண்ணெய் அரக்காகியிருக்கும். சுத்தியல் ஏறிய நிலையிலேயே குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையையும், பிறகு குழலையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது மல்லுக்கட்ட வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் குழல் சாயும் கீல் ஆணியையும், அதில் மாட்டும் குழலடிக் கொக்கியையும் துடையுங்கள். டிகாஷன் நிறத்தில் அழுக்கு வரும். துணி வெள்ளையாக வந்ததும் கடுகளவு கிரீஸ் போதும். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். மலைப்பனியின் ஈரத்தை அது விடாது.

சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பல்லைத் தொடவே கூடாது. கொஞ்சம் தேய்ந்தாலும் தோட்டா போட்டு மூடும் அதிர்ச்சியிலேயே வெடித்துவிடலாம். அதற்கு லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் சேலத்துக்கு இறங்கிப் போங்கள், உங்கள் லைசென்ஸையும் கையில் எடுத்துக்கொண்டு.