பதினாலு கோர் இருந்தால் வேகம் கூடுமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. தேவகோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், வீடியோ இரண்டும் நானே எடிட் பண்ணுகிறேன். இப்போதுள்ள சிஸ்டம் ரொம்பத் திணறுகிறது. மதுரையில் ஒருவர் பழைய சர்வர் பிராசசரான இன்டெல் ஸியான் ஈ5-2680 வி4, அதற்கான எக்ஸ்99 போர்டு, 64 ஜிபி ரேம், பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று, எல்லாம் சேர்த்து அசெம்பிள் பண்ணித் தருகிறேன் என்கிறார். 14 கோர், அதாவது உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடுகிற 14 பகுதி; கோருக்கு இரண்டு வேலை வரிசை வீதம் 28 த்ரெட். அதே பணத்துக்குப் புதிதாக ஐ5-12400 எடுத்தால் 6 கோரும் 16 ஜிபி ரேமும்தான் வருகிறது. 14 கிடைக்கும்போது 6 எதற்கு என்று மனசு அடித்துக்கொள்கிறது. எதை எடுக்கட்டும்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ஐ5 எடுங்கள், தம்பி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வியோடு மாதம் இரண்டு பேராவது காரைக்குடியில் என் கடைப்படி ஏறுகிறார்கள்.

ஆத்தங்குடியில் கல் போடுகிற பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வர்ணக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கி, காய்ந்த மணல் சிமென்ட்டைத் தூவி, மேலே ஈரக் கலவையை அடைத்து மட்டம் பண்ணுவார்கள். ஒரு கல்லுக்கு ஒருவர் கைதான். 14 பேர் உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் 14 கல் வரும், சரி. ஒரே ஒரு கல்லுக்காகக் காத்து நிற்பவருக்கு அந்த 14 பேரால் என்ன பிரயோஜனம்? ஒருவர் கை வேகம் எவ்வளவோ அவ்வளவுதான். போட்டோஷாப்பில் மணப்பெண் முகத்தில் பிரஷ் வைத்து இழுக்கிறீர்களே, அது ஒரு கல் வேலை. பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர் தலையில்தான் விழும். மற்ற 12 கோரும் சும்மா நிற்கும்.

அந்த ஒரு கை வேகத்தில்தான் ஸியான் தோற்கிறது. அது 2016-இல் வந்தது. அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் (விநாடிக்கு 240 கோடி துடிப்பு), முடுக்கினால் 3.3. ஐ5-12400 வந்தது 2022-இல், 4.4 வரை போகும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு துடிப்பிலும் புதியது முடிக்கிற வேலையே அதிகம். இரண்டையும் சேர்த்தால் ஒரு கோருக்கு ஒரு கோர், ஐ5-இன் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கை நெருங்குகிறது. எல்லாக் கோரையும் ஒன்றாக ஓட்டினாலும் அந்த 14-ம் இந்த 6-ம் கிட்டத்தட்டச் சமமாகத்தான் வருகின்றன. எண்ணிக்கையைப் பார்த்து ஏங்க அங்கே ஒன்றும் இல்லை.

உங்கள் வீடியோ வேலைக்கு இன்னும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் எச்.265, 10 பிட், 4:2:2 என்று, நிற விவரத்தைக் கூடுதலாக வைத்து இறுக்கிச் சுருக்குகிற முறையில் பதிவு பண்ணுகிறோம். டைம்லைனில் அதை ஓட்டினாலே பழைய சிஸ்டம் மூச்சு முட்டும். ஐ5-12400-க்குள் இருக்கிற கிராபிக்ஸ் பகுதியில் குயிக் சிங்க் இருக்கிறது. அந்த ஃபைலைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே செய்த சில்லுப் பகுதி அது. ஸியானில் கிராபிக்ஸே கிடையாது. பழைய கார்டுகளுக்கும் இந்த 4:2:2 பிடிபடாது. ஆகவே மொத்தச் சுமையும் கோர்களின் மேல் ஏறும். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து திருப்பூட்டு வரை இரண்டு கேமரா ஃபுட்டேஜை அடுக்கிவைத்து வெட்டுகிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 12400எஃப் என்று ஒன்று சற்று மலிவாகக் கிடைக்கும். அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, குயிக் சிங்க்கும் இல்லை. பில்லில் எஃப் இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் நானே கோர் எண்ணிக்கையில் மயங்கினேன். இரண்டு பிராசசர் போட்ட, கழித்துக்கட்டிய ரேக் சர்வர் ஒன்றை வாங்கி வந்து வீட்டில் இரண்டாம் கட்டில் வைத்தேன். ஃபேன் சத்தம் முகப்பு வரை கேட்டது. கடையில் கிடந்த 600 விஏ யுபிஎஸ்ஸை மாட்டினேன். அது தாங்குவது சுமார் 360 வாட்; முழுச் சுமையில் சர்வர் இழுப்பது அதற்கும் மேல். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, ஒரு வாடிக்கையாளரின் கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டு அப்படியே அணைந்தது. ஃபைல் பாழ். மறுநாள் காலையில் அவர்கள் மலேசியா கிளம்புகிறார்கள், பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. விடிய விடிய உட்கார்ந்து மறுபடி ஏற்றியும் பென் டிரைவில் பாதிதான் கொடுக்க முடிந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை.

அதன்பிறகு எந்த சிஸ்டம் வந்தாலும் வாட் மீட்டர் மாட்டிப் பார்க்கிறேன். நீங்கள் கேட்கிற மாதிரி ஸியான் சிஸ்டம் ஒன்று, வேலை ஒன்றும் இல்லாமல் நிற்கும்போதே 90 வாட் இழுத்தது. ஐ5 30-க்குள் நின்றது. தினம் 10 மணி நேரம் என்றால் 60 வாட் வித்தியாசம் மாதம் 18 யூனிட். ரெண்டர் ஓடினால் இன்னும் கூடும், அந்தச் சூடு முழுக்க உங்கள் அறைக்குள்தான். சித்திரை வெயிலில் ஏசி பில்லையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10 ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு அனுமதித்த பிராசசர் பட்டியலில் இந்த ஸியான் இல்லை. ஆகவே விண்டோஸிலும் அதற்குச் சிக்கல்தான்.

ரேம் 16 ஜிபி போதாது, உண்மைதான். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டு 8 ஆகப் போடுங்கள். போர்டு நாலு ஸ்லாட் உள்ளதாக இருக்கட்டும். அடுத்த முகூர்த்த சீசன் பணத்தில் இன்னும் 16 சேர்க்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வர் ரேமை வாங்கிவிடாதீர்கள். ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேம் ஐ5 போர்டில் வேலை செய்யாது.

கேள்வி: காரைக்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன் சார். லினக்ஸ், நெட்வொர்க்கிங் பழக ஐந்தாறு விர்ச்சுவல் மெஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுபவை) ஒன்றாக ஓட்ட வேண்டும். பழைய ஸியான் வாங்கலாமா?
- ஒரு மாணவி

பதில்: மேலே சொன்ன அதே ஸியானை நீ தாராளமாக வாங்கலாம்மா. உன் வேலை 14 கல்லையும் ஒரே நேரத்தில் போடுகிற வேலை. ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு கோர், 8 ஜிபி என்று பிரித்துக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். ரேமுக்குத் தரவு போய்வர நாலு பாதை (சேனல்); டிடிஆர்4-2400 போட்டால் விநாடிக்கு 76.8 ஜிபி வரை தரவு போகும். ஐ5-இல் டிடிஆர்4-3200 போட்டாலும் 51.2 தான். லினக்ஸ் என்பதால் விண்டோஸ் பிரச்சினையும் உனக்கு இல்லை. 2016-இல் 1,745 டாலர் விலை சொன்ன பிராசசர் இது. டேட்டா சென்டர்கள் மொத்தமாகக் கழித்துப் போடுவதால்தான் இன்று மலிவாக வருகிறது. போர்டில்தான் ஏமாறுவார்கள். நாலு ரேம் ஸ்லாட்டிலும் ரேம் போட்டு, ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடு. முடிந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வா, நானே சோதித்துத் தருகிறேன்.

கேள்வி: பள்ளத்தூரில் மளிகை மொத்த வியாபாரம். டேலியும் பில்லும் மட்டும்தான். எது போதும்?

பதில்: ஐ3-12100, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. இதற்கு மேல் ஒரு ரூபாய் போடாதீர்கள். மிச்சப் பணத்தில் நல்ல யுபிஎஸ் வாங்குங்கள்.