உயிர்காப்பாளர் நிற்கும் நீச்சல்குளத்தில் என் மகன் மூழ்கியது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். எனக்கு இரண்டு மகன்கள். 8 வயது இளையவனைக் கோடை விடுமுறையில் நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். பத்து நாட்களுக்கு முன், வகுப்பு முடிந்து பிள்ளைகள் நீரில் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவன் முங்கிவிட்டான். உயிர்காப்பாளர் எதிர்க்கரையில்தான் நின்றார், அவர் கவனிக்கவில்லை. பேத்தியை அழைத்துவந்திருந்த ஓர் ஆச்சி பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் தூக்கினார்கள். இருமினான், அழுதான், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டான். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். ஆனால் நுரையீரலில் தங்கிய நீர் பல நாள் கழித்தும் உயிரை வாங்கும் என்று செல்பேசியில் வந்த செய்தியை உறவினர் ஒருவர் காட்டியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மூத்தவனுக்கு 15 வயது. நன்றாக நீந்துவான், நண்பர்களோடு மூச்சடக்கிப் போட்டி போடுவான். அடுத்த வாரம் கல்லிடைக்குறிச்சியில் மாமனார் வீட்டுக்குப் போகிறோம். பேரன்களை ஆற்றுக்கு அழைத்துப்போக அவர் ஆசையாக இருக்கிறார். அனுப்பலாமா டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் இன்றிரவு தூங்குங்கள். பத்து நாட்கள் ஆகிவிட்டன. பையன் சாப்பிட்டு ஓடியாடுகிறான் என்றால் அன்று குடித்த நீரால் இனி அவனுக்கு ஒன்றும் வராது. நீர் உள்ளே போய் நுரையீரல் கெட்டிருந்தால் அது முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். நிற்காத இருமல், வேக மூச்சு, வாயோரம் நுரை, வாந்தி, வழக்கத்துக்கு மாறான அசதி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாங்கள் நான்கு முதல் எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம். நன்றாக இருந்த பிள்ளை ஒரு வாரம் கழித்துப் பழைய நீரால் இறந்துபோகும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. செல்பேசிச் செய்திகளில் சுற்றும் ‘உலர் மூழ்கல்’ போன்ற பெயர்களைக் கைவிட வேண்டும் என்று 2002இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மாநாட்டிலேயே நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் தூக்கத்தைக் கெடுக்கிற வரி வேறொன்று: ‘உயிர்காப்பாளர் எதிர்க்கரையில்தான் நின்றார்.’

அந்த ஆச்சி என்ன பார்த்திருப்பார் என்று சொல்கிறேன். உங்கள் மகனின் உடல் நீருக்குள் செங்குத்தாக நின்றிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, வாய் மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து வந்து போயிருக்கும். ஈர முடி கண்ணை மறைத்துக்கொண்டு விழுந்திருக்கும். அதை அவன் ஒதுக்கியிருக்க மாட்டான். இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அமுக்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவது போல. சத்தம் எதுவும் இருந்திருக்காது. மூச்சு விடவே வாய்க்கு நேரம் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? கையை உயர்த்தி ஆட்டினால் தலை உள்ளே போய்விடும் என்பதால் உடல் தானாகவே கையைக் கீழே வைத்துக்கொள்ளும். நியூயார்க்கின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் படமெடுத்துப் பார்த்து இதை விவரித்தார். இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிகள் வரைதான் நீடிக்கும் என்பது அவர் கண்ட கணக்கு. சிறு பிள்ளைகளுக்கு அதிலும் குறைந்த நேரம்தான். ‘காப்பாற்றுங்கள்’ என்று கத்தி, கையை ஆட்டி மூழ்குவதெல்லாம் திரையில் பார்த்துப் பழகிய காட்சி. கத்த முடிகிறவருக்கு இன்னும் சிறிது நேரம் மிச்சமிருக்கிறது. அமைதியாக மேலே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத்தான் நேரம் இல்லை.

எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தலை, விளையாடும் முப்பது தலைகளில் ஒன்று. வெயில் நீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். அடியில் கிடக்கும் பிள்ளை, அலையின் அசைவில் ஒரு நிழல் போலத்தான் தெரியும். ஒரே நீர்ப்பரப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணும் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால்தான் நன்றாக நடக்கும் குளங்களில் காவலரை அடிக்கடி இடம் மாற்றி ஓய்வு கொடுக்கிறார்கள். தனது பகுதியில் ஆபத்தைப் பத்து நொடிக்குள் காண வேண்டும், இருபது நொடிக்குள் எட்ட வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி தரப்படுவதுண்டு. சீட்டு கிழிப்பதும், ஓடும் பிள்ளைகளை அதட்டுவதும், கட்டணம் வாங்குவதும் அதே ஆளின் வேலையாக இருந்தால் இந்தப் பத்து நொடிக்கு அவர் எங்கே போவார்? அன்று உங்கள் மகன் முங்கியது வகுப்பு முடிந்த நேரத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனியுங்கள். பயிற்சியாளர் ‘முடிந்தது’ என்று திரும்பியிருப்பார், காவலர் ‘அவர் பிள்ளைகள்தானே’ என்று இருந்திருப்பார், பெற்றோர் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் அந்த இடைவெளியில்தான் பிள்ளை முங்குகிறது. பிறந்தநாள் விருந்துகளிலும் குடும்பச் சுற்றுலாக்களிலும் இதேதான் நடக்கிறது. பத்துப் பெரியவர்கள் கரையில் இருக்கும்போது, பார்ப்பதற்கென்று ஒருவரும் இருப்பதில்லை.

காவலர் வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. காவலர் இல்லாத குளத்துக்குப் பிள்ளையை அனுப்பவே கூடாது. ஆனால் அவர் இரண்டாவது கண். முதல் கண் உங்களுடையது. நீந்தத் தெரியாத பிள்ளையென்றால் நீங்களும் நீரில் இறங்கி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருங்கள். ஓரளவு நீந்துகிறவன் என்றால் விளிம்பிலேயே உட்காருங்கள், செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு. உறவினர்கள் கூட்டமாகப் போனால் கால் மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, ‘இப்போது நான் பார்க்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்களை நம்பாதீர்கள், அவை கழன்றுவிடும். குளத்தில் சேர்க்கும் முன், ஆழமான பகுதியின் தரை கரையிலிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கலங்கிய நீர் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். எத்தனை அடியில் தரை சரிகிறது என்றும் கேளுங்கள். மூன்றடி ஆழத்தில் துள்ளித் துள்ளி நகரும் பிள்ளை, நான்கடி வந்தது தெரியாமல் கால் எட்டாமல் போவதுதான் நான் அதிகம் கேட்ட கதை.

மூத்தவனை இந்தக் கடிதத்தோடு உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி, மூச்சடக்கும் போட்டியை இன்றோடு நிறுத்திவிடு. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு உடலில் பிராணவாயு குறைவதால் முதலில் வருவதில்லை. கரியமில வாயு சேர்வதால் வருகிறது. முங்கும் முன் நான்கைந்து முறை வேகவேகமாக இழுத்து விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும், தவிப்பு தாமதமாகும். அதற்குள் மூளைக்குப் போகும் பிராணவாயு தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். இடுப்பளவு நீரிலும் இது நடக்கும். இதில் சாகிறவர்கள் பெரும்பாலும் நல்ல நீச்சல்காரர்கள். அடியில் அசையாமல் கிடப்பவனைப் பார்த்து, ‘இன்னும் தம் பிடிக்கிறான்’ என்று நண்பர்கள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள்.

இனி ஆறு. நானும் தாமிரபரணியில் நீந்தப் பழகியவன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்ட தலைமுறை உங்கள் மாமனாருடையது. அவர் ஆசையில் குற்றமில்லை. அனுப்புங்கள், ஆனால் அவர் மனத்தில் இருக்கும் ஆறு இப்போது அங்கே இல்லை என்பதை அவரிடம் மரியாதையோடு சொல்லுங்கள். தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010இல் தடை விதித்தது. அதற்கு முன் தோண்டிய பள்ளங்கள் தீர்ப்பால் நிரம்பிவிடுமா? முழங்கால் நீரில் நடப்பவன் அடுத்த அடியில் கசம் என்கிற ஆழமான பள்ளத்துக்குள் போவான். 2023 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளம் ஒருமுறை ஓடினால் மணல் இடம் மாறிவிடும். போன வருடம் நின்ற இடத்தில் இந்த வருடம் கால் எட்டாது. ஊரில் வெயில் கொளுத்தும்போதே மேற்கே மலையில் மழை பெய்து நீர் ஏறும். கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் பாபநாசம் அணை திறக்கும்போதும் அப்படித்தான். அணைக்கட்டுகளுக்குக் கீழே விழும் நீர் அழகாக நுரைக்கும். அந்த நுரை மிதக்கவிடாது, சுழி ஆளை மறுபடி மறுபடி உள்ளேயே இழுக்கும். உபரி நீர் வழியும் கலிங்கில் பாசி வழுக்கும். ஆகவே உள்ளூர்க்காரர்கள் தினமும் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்கட்டும். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி ஆழம் பார்த்து, பிள்ளைகளுக்குக் கீழ்ப்பக்கம், நீர் போகும் திசையில் நிற்க வேண்டும். கலங்கல் தெரிந்தாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ எல்லோரும் கரையேறிவிட வேண்டும்.

நம் பக்கத்தில் ஓர் உயிரோடு துயரம் நிற்பதில்லை, ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைப் பிடிக்க மூன்றாமவர் என்று போய்விடுகிறார்கள். 2022 ஜூனில் கடலூர் அருகே கெடிலம் ஆற்றில் சிறுமிகளும் பெண்களுமாக ஏழு பேர் ஒரே இடத்தில் போனார்கள். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பற்றி ஏறுவார். அது அவர் குற்றமில்லை. ஆகவே இறங்காமல் எதையாவது கொடுங்கள். கம்பு, சேலை, வேட்டி, காலிக் குடம், எது கிடைத்தாலும் சரி. மூடி இறுகிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் கொஞ்சம் நீர் விட்டுக் கயிற்றில் கட்டினால் தூரம் போய் விழும், பிடித்தால் மிதக்கும். ஒன்றைக் காரிலேயே போட்டு வையுங்கள்.

வெளியே எடுத்த பிறகு செய்வதை எழுதும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு கிராமத்துக் குளத்திலிருந்து எடுத்த பையனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வயிறெங்கும் விரல் தடம் சிவந்திருந்தது. தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றியதை அவன் மாமா எங்களுக்கு நடித்துக் காட்டினார், அன்பில் செய்தது. ஆனால் வயிற்றை அமுக்கியதில் மேலே வந்த சோறு அவன் மூச்சுக்குழாயை அடைத்திருந்தது. வாயில் ஊதியிருக்க வேண்டிய நிமிடங்கள் சுற்றுவதில் போய்விட்டன. அவனை எங்களால் மீட்க முடியவில்லை.

நீரில் போனவனுக்கு இல்லாதது காற்று. மல்லாத்திப் படுக்கவைத்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, மார்பு எழும்படி ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அதன் பிறகும் மூச்சும் அசைவும் இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வீதம் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, இதையே தொடர வேண்டும். இன்னொருவர் அதற்குள் 108ஐ அழைக்கட்டும். நுரை வந்தால் அதைத் துடைப்பதில் நேரம் போக்காமல் ஊதுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. நீங்களும் உங்கள் கணவரும் ஒரு பிற்பகல் ஒதுக்கி, முதலுதவிப் பயிற்சியில் பொம்மை மீது அழுத்திப் பழகுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021இல் நீரில் மூழ்கி இறந்த சுமார் 3 லட்சம் பேரில் ஏறக்குறைய கால் பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்களில் பலர் போவது வீட்டை ஒட்டிய நீரில்தான். மாமனார் வீட்டில் தவழும், தத்தி நடக்கும் குழந்தைகள் இருந்தால், ஆற்றுக்குக் கிளம்பும் முன் குளியலறை வாளியைக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியையும் கிணற்றையும் மூடச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது முன்பு வலிப்பு வந்ததுண்டா? ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? எதற்காவது ‘ஆம்’ என்றால், ஊருக்குப் போகும் முன் இருவருக்கும் ஒரு இசிஜி எடுத்து, குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை யாரும் நீரில் இறங்க வேண்டாம். அந்த ஆச்சியைக் கண்டுபிடித்தால் என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.